‘நான் கொஞ்சம் சென்சிட்டிவ்’ என்று மற்றவர்களிடம் எப்படிச் சொல்வது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சத்தமும் கூட்டமும் மற்றவர்களை விடச் சீக்கிரம் களைப்பாக்கிவிடும். பக்கத்தில் இருப்பவரின் குரல் லேசாக மாறினாலும் தெரிந்துவிடும். யாரோ போகிற போக்கில் சொன்ன ஒரு வார்த்தை ராத்திரி வரை மண்டைக்குள் ஓடும். இப்படிப்பட்டவர்கள் அதை வீட்டிலும் வேலையிடத்திலும் சொல்லக் கிளம்பும்போது வருகிற கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். நானும் அந்த ரகம்தான் என்பதால் பதில்களில் சொந்தக் கருத்து கொஞ்சம் தூக்கலாகவே இருக்கும்.

இது உண்மையிலேயே இருக்கிறதா, இல்லை இணையத்தில் கிளம்பிய இன்னொரு ஃபேஷனா?

இருக்கிறது. அமெரிக்க உளவியலாளர் எலைன் ஆரன் 1990களில் இதை ஆராய ஆரம்பித்தார். 1997இல் அவரும் கணவர் ஆர்தர் ஆரனும் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் 27 கேள்விகள் கொண்ட ஓர் அளவுகோல் வந்தது. பலத்த சத்தம் தொந்தரவு செய்கிறதா, குறைந்த நேரத்தில் நிறைய வேலை வந்து விழுந்தால் பதறுகிறீர்களா, யாராவது பார்த்துக்கொண்டே இருந்தால் தெரிந்த வேலை கூடக் கெட்டுப்போகிறதா, இசையோ ஓவியமோ உங்களை ஆழமாகத் தொடுகிறதா என்கிற மாதிரிக் கேள்விகள். இந்த இயல்பு உள்ளவருக்கு ஆரன் வைத்த பெயர் ஹைலி சென்சிட்டிவ் பெர்சன், சுருக்கமாக ஹெச்.எஸ்.பி. மக்கள்தொகையில் 15 முதல் 20 சதவீதம் பேர் இப்படி என்று அவர் கணக்கிட்டார். பிறகு வந்த ஆய்வுகள் கொஞ்சம் வேறு மாதிரிப் பிரிக்கின்றன. ஏறக்குறைய 30 சதவீதம் பேருக்கு உணர்திறன் அதிகம், 40 சதவீதம் பேருக்கு நடுத்தரம், மீதி 30 சதவீதம் பேருக்குக் குறைவு. ஆக, இருக்கிறதா இல்லையா என்று கேட்பதை விட எவ்வளவு இருக்கிறது என்று கேட்பதுதான் சரி.

அப்படியானால் இது ஒரு நோயா?

இல்லை. மனநல மருத்துவர்கள் பயன்படுத்தும் டி.எஸ்.எம்-5 கையேட்டிலும் உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி-11 பட்டியலிலும் இப்படி ஒரு நோய் கிடையாது. இது ஒரு சுபாவம். அதனால் ‘எனக்கு ஹெச்.எஸ்.பி. இருக்கிறது’ என்று காய்ச்சல் வந்த மாதிரிச் சொன்னால், கேட்பவர் அடுத்து ‘எந்த டாக்டர் சொன்னார்?’ என்றுதான் கேட்பார். அந்தப் பாதையில் போகாமல் இருப்பது நல்லது.

எல்லோரிடமும் சொல்லியே ஆக வேண்டுமா?

வேண்டவே வேண்டாம். உங்களோடு ஒரே கூரையின் கீழ் இருப்பவர், உங்கள் நாளை எப்படி அமைப்பது என்று தீர்மானிக்கிற மேலதிகாரி, அடிக்கடி சேர்ந்து சுற்றுகிற ஒன்றிரண்டு நண்பர்கள் ஆகியோருக்குத் தெரிந்தால் போதும். மாடி வீட்டுக்காரர், தூரத்துச் சொந்தம், அலுவலக லிஃப்டில் பார்த்துச் சிரிக்கிறவர் இவர்களுக்கெல்லாம் விளக்கவுரை தேவையில்லை. ‘எனக்குத் தலை வலிக்கிற மாதிரி இருக்கு, கிளம்பறேன்’ என்பதே தாராளம்.

சரி, சொல்லித்தான் ஆக வேண்டிய ஆளிடம் எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது?

பலரும் கோட்டை விடுவது இங்கேதான். இப்படி ஒரு பெயர் இருப்பது தெரிய வந்ததும் ஒரு பெரிய நிம்மதி வரும். இத்தனை வருஷமாக ‘தொட்டாற்சிணுங்கி’ என்று பேர் வாங்கியவருக்கு, இதற்கென்று ஆராய்ச்சியே நடக்கிறது என்று தெரிந்தால் வராமல் என்ன செய்யும்? அந்த வேகத்தில் போய், ‘நான் ஹெச்.எஸ்.பி. தெரியுமா? எங்கள் நரம்பு மண்டலமே வேறு’ என்று ஆரம்பிப்பார்கள். கேட்பவருக்கு அந்த நிம்மதி கிடையாது. அவர் காதில் விழுவது இரண்டு விஷயம்தான். ஒன்று, இவர் தன்னை விசேஷமானவர் என்கிறார். இன்னொன்று, இனிமேல் நான் பார்த்துப் பார்த்துப் பேச வேண்டுமாம்.

என் கட்சி இதுதான்: பெயரைக் கடைசியில் சொல்லுங்கள், சொல்லாமலே விட்டாலும் குற்றமில்லை. முதலில் உங்களுக்கு என்ன நடக்கிறது என்று ஒரு வரி. பிறகு உங்களுக்கு என்ன வேண்டும் என்று ஒரு வரி. அந்த இரண்டாவது வரி, எதிராளி நாளைக்கே செய்து முடிக்கக்கூடிய காரியமாக இருக்க வேண்டும். ‘என்னைப் புரிஞ்சுக்கோ’ என்றால் அவர் எழுந்து போய் என்ன செய்வார், பாவம்? ‘ரெண்டு பேரும் ஒரே நேரத்துல பேசினா எனக்கு எதுவுமே மண்டைல ஏறாது. ஒருத்தர் முடிச்ச அப்புறம் இன்னொருத்தர் பேசுங்க’ என்றால் உடனே செய்யலாம். மறந்து போனாலும் அடுத்த தடவை லேசாக ஒரு பார்வை பார்த்தால் போதும்.

இன்னும் சில மாதிரிகள்:

‘என்னைத் திடீர்னு கேட்டா பதில் வராது. ராத்திரி யோசிச்சுட்டுக் காலைல சொல்றேன்.’

‘நீ சொல்ற குறை எனக்குத் தெரியணும். எல்லார் முன்னாடியும் வேண்டாம், தனியாச் சொல்லு.’

‘பார்ட்டிக்குக் கண்டிப்பா வரேன். 9 மணிக்குக் கிளம்பிடுவேன், அப்போ யாரும் வற்புறுத்தக் கூடாது.’

இவற்றில் உளவியல் வார்த்தை ஒன்று கூட இல்லை. ஆனால் ஒவ்வொன்றும் ஹெச்.எஸ்.பி. பற்றித்தான் பேசுகிறது.

எப்போது சொல்வது?

நன்றாக இருக்கும்போது. ஏற்கெனவே சத்தத்தில் நொந்து, கண் கலங்கி, குரல் உயர்ந்த பிறகு இந்தப் பேச்சை எடுத்தால் அது விளக்கமாகக் கேட்காது, குற்றச்சாட்டாகத்தான் கேட்கும். அந்த நேரத்துக்கு ‘எனக்கு இப்ப முடியல, கொஞ்ச நேரம் வெளியே போயிட்டு வரேன்’ என்பது போதும். விளக்கம் மறுநாள்.

நேருக்கு நேர் உட்கார்ந்து பேசக் கூச்சமாக இருந்தால் சேர்ந்து நடக்கும்போதோ, வண்டியில் பக்கத்தில் உட்கார்ந்து போகும்போதோ சொல்லிப் பாருங்கள். எதிராளியின் முகத்தில் ஓடும் ஒவ்வொரு சின்ன மாற்றத்தையும் படித்துக்கொண்டே பேசுவது நம் ஆட்களுக்குப் பெரிய பாடு. முகம் தெரியாவிட்டால் பாதி பாரம் குறையும்.

கணவரிடம் அல்லது மனைவியிடம் சொல்வதுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. தன்னைத்தான் வேண்டாம் என்கிறேன் என்று நினைத்துக்கொள்கிறார்.

நினைக்காமல் எப்படி இருப்பார்? மாலை வீட்டுக்குள் நுழைகிறீர்கள். டிவி ஓடுகிறது. குழந்தை எதையோ காட்ட ஓடி வருகிறது. உள்ளே இருந்து அவர் ‘கரண்ட் பில் கட்டியாச்சா?’ என்று குரல் கொடுக்கிறார். தனித்தனியாகப் பார்த்தால் மூன்றும் ஒன்றுமே இல்லாத விஷயம். நாள் முழுக்கச் சத்தத்தில் இருந்துவிட்டு வந்த உங்களுக்கு மூன்றும் ஒரே நொடியில் வந்து விழுகின்றன. ‘வந்ததும் வராததுமா ஆரம்பிச்சாச்சா?’ என்று எரிந்து விழுகிறீர்கள். பகலெல்லாம் நீங்கள் தாங்கியது அவருக்குத் தெரியாது. கரண்ட் பில் பற்றிக் கேட்டதற்கு வாங்கிய திட்டு மட்டும்தான் தெரியும்.

ஓய்வான ஒரு நாளில் இப்படிச் சொல்லலாம்: ‘வேலை முடிஞ்சு வந்ததும் எனக்கு ஒரு இருபது நிமிஷம் தனியா உட்காரணும். உன் மேல கோபமில்லை, மண்டை நிரம்பிப் போயிருக்கும், அவ்வளவுதான். அப்புறம் நானே வந்து உட்கார்ந்து எல்லாத்தையும் கேட்கிறேன்.’ இதில் ‘உன் மேல கோபமில்லை’ என்பதும் ‘நானே வரேன்’ என்பதும் விட்டுப்போகக் கூடாது. அவை இல்லாவிட்டால் மிச்சம் இருப்பது கதவைச் சாத்திக்கொள்வது மட்டும்தான்.

சொன்ன நேரத்துக்கு எழுந்து வருவதுதான் இதில் பெரிய காரியம். இருபது நிமிஷம் என்று சொல்லிவிட்டு ஒன்றரை மணி நேரம் ஃபோனைத் தடவிக்கொண்டு கிடந்தால், அடுத்த வாரம் உங்கள் பேச்சை அவர் நம்ப மாட்டார். நம்ப வேண்டிய அவசியமும் இல்லை.

சண்டைக்கும் இதே கணக்குதான். நடுவில் எழுந்து போகிறவர் ‘நாளைக்குக் காலைல பேசலாம்’ என்று நேரம் குறித்துவிட்டுப் போக வேண்டும். காலையில் பேச்சை எடுக்க வேண்டியவரும் அவர்தான். எதிர்ப்பக்கம் இருப்பவர் உடனே பேசித் தீர்த்தால்தான் தூக்கம் வரும் என்கிற ரகமாக இருந்தால், அந்த ஓர் இரவு அவருக்கு எவ்வளவு நீளம் என்பதையும் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். உணர்திறன் நமக்கு மட்டும் எழுதி வைத்த சொத்தில்லை.

‘எல்லோருக்கும் அப்படித்தான் இருக்கும், நீதான் பெரிசா எடுத்துக்கிறே’ என்றால்?

அந்த வாக்கியத்தின் முதல் பாதி ஓரளவு சரிதான். பட்டாசு காதருகே வெடித்தால் யாரும் ரசிக்க மாட்டார்கள். வித்தியாசம் அளவில்தான் இருக்கிறது. அதனால் வாதாட வேண்டாம். ‘இருக்கலாம். எனக்குக் கொஞ்சம் சீக்கிரம் ஆரம்பிச்சுடுது, அடங்கவும் நேரமாகுது’ என்று சொல்லிவிட்டு விஷயத்துக்கு வாருங்கள். அவர் ஒப்புக்கொள்ள வேண்டியது உங்கள் கோட்பாட்டை இல்லை, டிவி சத்தத்தைக் குறைப்பதை. ஒப்புக்கொள்ளாமலே குறைத்தாலும் காதுக்கு ஒன்றுதான்.

அம்மா அப்பா காதிலேயே வாங்கிக்கொள்வதில்லை. ‘எங்க காலத்துல இதெல்லாம் ஏது?’ என்கிறார்கள்.

அவர்கள் காலத்திலும் இருந்தது, பெயர்தான் இல்லை. இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று, மனிதருக்கு மனிதர் உணர்திறன் வேறுபடுவதில் ஏறக்குறைய பாதி மரபுவழி வருவது என்று கண்டது. ஆகவே உங்கள் வீட்டில் நீங்கள் முதல் ஆளாக இல்லாமல் இருக்க வாய்ப்பு உண்டு. விசேஷ வீடுகளில் அரை மணிக்கொரு தரம் காற்று வாங்க மொட்டை மாடிக்குப் போய்விடும் அப்பாவை நினைத்துப் பாருங்கள். யாராவது குரலை உயர்த்தினால் உடனே பாத்திரம் தேய்க்கப் போய்விடும் அம்மாவையும். ‘உங்களுக்கும் கூட்டம்னா ஆகாதேப்பா, எனக்கும் அப்படித்தான்’ என்று ஆரம்பித்தால் பேச்சு வேறு மாதிரிப் போகும்.

வளர்ப்பைக் குறை சொல்கிறோம் என்ற வாசனை மட்டும் வந்துவிடக் கூடாது. வந்துவிட்டால் பேச்சு அன்றோடு முடிந்தது. பழைய கணக்கைத் திறக்காமல் ஒரே ஒரு விஷயத்தைக் கேளுங்கள்: ‘அம்மா, நீ வேணும்னு சொல்றதில்லைன்னு தெரியும். ஆனா சொந்தக்காரங்க முன்னாடி என் எடையைப் பத்திப் பேசினா எனக்கு ரெண்டு நாளைக்கு அதே நினைப்பா இருக்கு. அதை மட்டும் விட்டுடும்மா.’ ஒரே தடவையில் நடக்காது. மூன்றாவது நான்காவது தடவையில் பாதி வார்த்தையில் நிறுத்திவிட்டு உங்கள் முகத்தைப் பார்ப்பார். அதையே வெற்றி என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அலுவலகத்தில் சொல்லலாமா?

வேலையைச் சொல்லுங்கள், சுபாவத்தைச் சொல்ல வேண்டாம். மேலதிகாரிக்கு உங்கள் நரம்பு மண்டலத்தில் அக்கறை இருக்கலாம், இல்லாமலும் போகலாம். வேலை ஒழுங்காக முடிவதில் கண்டிப்பாக இருக்கும். ‘எனக்குச் சத்தம் தாங்காது’ என்பதை விட, ‘ரிப்போர்ட் எழுதுற ரெண்டு மணி நேரம் மட்டும் அந்த மூலை டேபிள்ல உட்கார்ந்துக்கறேன். தப்பு குறையும், சீக்கிரமும் முடியும்’ என்பது எடுபடும்.

பின்னால் வந்து நின்று ஸ்கிரீனைப் பார்க்கிற மேலதிகாரி ஒருவர் எல்லா அலுவலகத்திலும் இருப்பார். கை தானாகவே தப்புத் தப்பாக டைப் அடிக்கும். தெரிந்த ஷார்ட்கட் கூட மறந்துபோகும். யாராவது கவனித்தால் வேலை தடுமாறுவது ஆரன் கேட்ட 27 கேள்விகளிலேயே இருக்கிறது என்று சொன்னேனே, அதுதான் இது. அவரிடம் விளக்கம் கொடுப்பதை விட முந்திக்கொள்வது சுலபம்: ‘நாலு மணிக்கு நானே கொண்டு வந்து காட்டறேன் சார்.’ அவர் எழுந்து வருவதற்குக் காரணமே இருக்காது.

மீட்டிங்கில் என்ன பேசப்போகிறார்கள் என்பதை முன்கூட்டியே அனுப்பச் சொல்வது, முடிவை மறுநாள் சொல்ல நேரம் கேட்பது, ஹெட்ஃபோன் போட்டுக்கொள்வது இவற்றுக்கெல்லாம் எந்தப் பெயரும் தேவைப்படாது. இது மருத்துவர் எழுதித் தருகிற நோய் இல்லை என்பதால், இதைக் காட்டிச் சலுகையை உரிமையாகக் கேட்பதும் பெரும்பாலும் நடக்காது. ‘அவங்க ரொம்ப சென்சிட்டிவ்’ என்பது அலுவலகத்தில் ஒட்டிக்கொண்டால் பெரிய பொறுப்புகள் சத்தமில்லாமல் வேறு டேபிளுக்குப் போய்விடும் ஆபத்தும் உண்டு. நம்பிக்கையான மேலதிகாரி, சில வருஷப் பழக்கம் என்றால் மட்டும் யோசிக்கலாம்.

இன்டர்வியூவில்?

வேண்டாம். ‘நுணுக்கமான தப்புகள் என் கண்ணில் படும்’ என்று சொல்லலாம், அது உண்மையாக இருந்தால்.

நான் நாலு பேரோடு கலகலப்பாகப் பழகுகிறவன். சொன்னால் யாரும் நம்ப மாட்டேன் என்கிறார்களே?

கூச்சமும் இதுவும் ஒன்றில்லை. ஹெச்.எஸ்.பி.களில் ஏறக்குறைய 30 சதவீதம் பேர் வெளிமுகச் சுபாவம் உள்ளவர்கள் என்கிறார் ஆரன். நண்பர்களுக்குத் தெரிவது மேடையேறிப் பாடும் நீங்கள்தான். மறுநாள் ஃபோனை அணைத்துவிட்டுப் படுத்துக்கிடக்கும் ஆளை அவர்கள் பார்த்ததே இல்லை. ‘நேத்து செமையா இருந்துச்சு. அதனாலதான் இன்னிக்கு ஃபோன் எடுக்கல’ என்று சொன்னால் புரிந்துகொள்வார்கள்.

ஆண் இதைச் சொன்னால் கேலிதானே மிஞ்சும்?

சில இடங்களில் மிஞ்சும், மறைப்பதற்கில்லை. பிறவியில் இந்தச் சுபாவம் ஆணுக்கும் பெண்ணுக்கும் சமமாகவே வருகிறது என்பது ஆரனின் கருத்து. ‘பையன் அழலாமா?’ என்று கேட்டு வளர்த்ததில் பல ஆண்கள் அதைக் கோபமாக மாற்றிக் காட்டப் பழகிவிட்டார்கள். எரிச்சல்காரர் என்று பேரெடுத்த சிலர் உண்மையில் களைத்துப்போன சென்சிட்டிவ் ஆட்கள்.

கேலி செய்கிற கும்பலிடம் சொல்லாதீர்கள். அந்தக் கும்பலிலேயே தனியாகச் சந்திக்கும்போது நிதானமாகப் பேசுகிற ஒருவர் இருப்பார், அவரிடம் சொல்லுங்கள். ‘எனக்கும் அப்படித்தான்டா’ என்ற பதில் எதிர்பாராத இடத்திலிருந்து வரும்.

குழந்தை இப்படி இருக்கிறது. டீச்சரிடம் சொல்லலாமா?

சொல்லுங்கள், ஆனால் குழந்தையைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு சொல்லாதீர்கள். ‘ரொம்ப சென்சிட்டிவ் மேடம், பார்த்துக்கோங்க’ என்றால் டீச்சர் குழந்தையை ஒதுக்கி வைத்துப் பொத்திப் பார்த்துக்கொள்ளக்கூடும், அதுவும் நல்லதில்லை. ‘புதுசா எதையும் தொடங்கும்போது முதல்ல கொஞ்சம் ஓரமா நின்னு பார்ப்பான். அஞ்சு நிமிஷம் விட்டீங்கன்னா தானே வந்து சேர்ந்துக்குவான்’ என்பது அவருக்கு உதவும்.

டீச்சரிடம் சொல்ல நல்ல செய்தியும் ஒன்று இருக்கிறது. இங்கிலாந்தில் பள்ளி மாணவிகளுக்கு மனச்சோர்வைத் தடுக்கும் பயிற்சி ஒன்றைக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2015இல் வெளியானது. உணர்திறன் அதிகமுள்ள பெண்களிடம் பயிற்சி நன்றாக வேலை செய்தது, குறைவாக உள்ளவர்களிடம் பலன் தெரியவில்லை. கெட்டது எப்படிச் சீக்கிரம் தைக்கிறதோ அப்படியே நல்லதும் இந்தப் பிள்ளைகளிடம் சீக்கிரம் போய்ச் சேருகிறது.

சொன்ன பிறகு அதையே வைத்துக் குத்துகிறார்கள். நியாயமாகக் கோபப்பட்டாலும் ‘நீதான் சென்சிட்டிவ் ஆச்சே’ என்கிறார்கள்.

இது நடக்கும், பெயரைக் கடைசியில் சொல்லச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். பதில் சுருக்கமாக இருக்கட்டும்: ‘நான் சென்சிட்டிவ்தான். நீ சொன்னது தப்புதான். ரெண்டும் ஒரே நேரத்துல உண்மையா இருக்கலாம்.’ மறுபடி மறுபடி இதே ஆயுதத்தை எடுக்கிறவரிடம் மேற்கொண்டு எதையும் திறந்து காட்ட வேண்டாம். உங்களை அவர் புரிந்துகொண்டுதான் இதைச் செய்கிறார்.

இதை ஒரு சாக்காக ஆக்கிக்கொள்கிறேனோ என்று எனக்கே சந்தேகம் வருகிறது.

ஆகவும் கூடும். ‘எனக்குச் சண்டை தாங்காது’ என்று சொல்லிக் கடைசி வரை மன்னிப்புக் கேட்காமல் தப்பிக்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். ‘கூட்டம் ஆகாது’ என்று வீட்டு வேலை முழுவதையும் அடுத்தவர் தலையில் கட்டுகிறவர்களையும்தான். நீங்கள் கேட்டது வேலையைச் செய்ய வேறு வழியா, இல்லை செய்யாமல் இருக்க வழியா என்று பாருங்கள். ஆஸ்பத்திரியில் இருக்கும் நண்பரைப் பார்க்கப் போவதைக் கூட்டமில்லாத நேரத்துக்கு மாற்றலாம். போகாமலே இருப்பதற்கு இந்தச் சுபாவம் காரணமாகாது.

இது ஹெச்.எஸ்.பி.தான் என்று எப்படி உறுதியாகச் சொல்வது? வேறு ஏதாவதாக இருந்தால்?

நியாயமான கேள்வி. சத்தமும் வெளிச்சமும் தாங்காமல் போவது ஆட்டிசத்தில் உண்டு. 2013இல் வந்த டி.எஸ்.எம்-5, புலன் உணர்வில் மாறுபாட்டை ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாகவே சேர்த்தது. பதற்ற நோய், கவனம் நிலைக்காமல் துறுதுறுவென்று இருக்கும் ஏ.டி.ஹெச்.டி., பெரிய அதிர்ச்சிக்குப் பிறகு வரும் மனநிலை, ஒற்றைத் தலைவலி, காதுப் பிரச்சினை ஆகியவற்றிலும் இப்படி வரும். சின்ன வயதிலிருந்தே இப்படித்தான், ஓய்வெடுத்தால் சரியாகிவிடுகிறது என்றால் பெரும்பாலும் சுபாவம். திடீரென்று ஆரம்பித்திருந்தால், தூக்கமோ வேலையோ கெட்டால், வாழ்வே வெறுத்தால், இணையத்துக் கேள்விப் பட்டியலை மூடிவிட்டு டாக்டரிடமோ உளவியல் ஆலோசகரிடமோ போங்கள். அங்கே மட்டும் சுருக்கம் பார்க்காமல் எல்லாவற்றையும் கொட்டலாம்.

நேரில் சொல்வதற்குப் பதில் ஒரு கட்டுரை லிங்க்கை ஃபார்வர்ட் செய்தால் போதாதா?

ஃபார்வர்டுகளை யார் கடைசி வரை படிக்கிறார்கள்? இந்தக் கட்டுரையையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். உங்கள் சொந்த வார்த்தையில் நாலு வரி எழுதி அனுப்பினால் படிப்பார்கள்.

என்னிடம் ஒருவர் இப்படிச் சொல்கிறார். நான் என்ன பதில் சொல்வது?

‘சரி, நான் என்ன செய்தா உனக்கு வசதியா இருக்கும்?’ என்று கேளுங்கள். அறிவுரை வேண்டாம். ‘மனசுல போட்டுக்காதே’ என்பதை அவர் பிறந்ததிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறார். நாலு பேர் நடுவில் ‘இவங்ககிட்ட பார்த்துப் பேசுங்கப்பா’ என்று அறிமுகப்படுத்தாதீர்கள். கெட்ட செய்தியை மறைக்காதீர்கள். உங்கள் முகத்தை வைத்தே பாதியை ஊகித்திருப்பார். மீதியைச் சொல்லாவிட்டால் அதையும் அவரே கற்பனை செய்துகொள்வார், அது பெரும்பாலும் நடந்ததை விட மோசமாகவே இருக்கும்.